தூண்டில் ஈயக் குண்டு வார்ப்பு: குறையைப் பார்த்துக் காரணம் பிடிக்க

புதிதாக ஈயம் வார்க்கத் தொடங்கியவர்கள் காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்து காட்டும் குண்டுகள் எல்லாம் ஒரே குடும்பம். ஒன்றுக்குத் தோல் சுருங்கியிருக்கும், ஒன்றுக்கு மூக்கே இருக்காது, இன்னொன்றின் தலையில் குழி விழுந்திருக்கும். ‘ஈயம் மட்டம், அச்சும் மட்டம்’ என்று தீர்ப்பெழுதிவிட்டுத்தான் வருவார்கள். அநேகமாக இரண்டிலும் குற்றமில்லை. அச்சு சூடாகியிருக்காது, அவ்வளவுதான்.

உங்கள் குண்டில் தெரியும் குறைக்கு உரிய தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். அதைச் சோதிக்காமல் அடுத்ததற்குத் தாவ வேண்டாம். அரத்தை எடுத்து அச்சைத் தேய்க்கும் எண்ணம் வந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுவது நல்லது. தேய்த்த அச்சை யாராலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

சில ஏற்பாடுகள் ஏற்கெனவே இருக்கின்றன என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். வேலை கூரைக்கு வெளியே, காற்றுக்கு முதுகைக் காட்டி நடக்கிறது. முகத்துக்குத் தடுப்பு, கைக்குத் தோல் உறை, காலுக்கு மூடிய செருப்பு உண்டு. பாத்திரமும் கரண்டியும் இந்த வேலைக்கு மட்டுமே. சமையலறைக்குத் திரும்பிப் போகாது. குழந்தைகளோ கருவுற்றவர்களோ பக்கத்தில் இல்லை. வண்டி பேட்டரியை உடைத்து எடுத்த ஈயம் இல்லவே இல்லை. அமிலமும் ஆர்செனிக்கும் கலந்த அந்தத் தகடுகள் தொழிற்சாலை உலைக்கு உரியவை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் கீழே உள்ளதைப் படித்துப் பயனில்லை.

## ஈயம் தெறிக்கிறது, படபடவென்று வெடிக்கிறது

காரணம் ஒன்றே ஒன்று: ஈரம். நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும். ஒரு சொட்டு நீர் உருகிய ஈயத்துக்கு அடியில் அகப்பட்டால் மேலே இருப்பது முழுவதும் எழும்பி வரும்.

உடனே அடுப்பை அணைத்துவிட்டுப் பின்வாங்குங்கள். எட்டிப் பார்க்காதீர்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. ஈயம் உறைந்த பிறகுதான் கிட்டே போக வேண்டும்.

கரண்டியைப் பாருங்கள். எனக்கு நேர்ந்தது இதில்தான். இரவெல்லாம் சிமென்ட் தரையில் கிடந்த கரண்டி, கைக்கு உலர்ந்துதான் இருந்தது. அப்படியே ஈயத்தில் அமிழ்த்தினேன். ‘டப்’ என்று ஒரே ஓசை. சட்டையில் மிளகளவு ஓட்டைகள் ஏழு. முகத்தடுப்பில், சரியாக இடது கண்ணுக்கு நேரே, வெள்ளிப் பொட்டு ஒன்று. அந்தத் தடுப்பை இன்னும் தூக்கிப் போடவில்லை. இப்போதெல்லாம் கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் பத்து நிமிடம் படுக்க வைத்த பிறகே உள்ளே விடுகிறேன்.

பிறகு, நடுவில் சேர்த்த துண்டு. உருகிய ஈயத்தில் புதுத் துண்டைப் போட்டீர்களா? பழைய குண்டின் துளைக்குள் ஒளிந்திருக்கும் நீர், ஈயக் குழாயின் மடிப்புக்குள் இருக்கும் நீர் ஆகியவை கண்ணுக்குத் தெரியாது. சந்தேகமான துண்டுகளைக் குளிர்ந்த பாத்திரத்தில் முதலிலேயே போட்டு, ஈயத்தோடு சேர்ந்து சூடேற விடுங்கள். இரு முனையும் மூடிய குழாய்த் துண்டை எப்போதுமே போடக் கூடாது.

கடைசியாக, அச்சு. சாந்து அச்சு வெளியே வெண்மையாகக் காய்ந்து தெரிந்தாலும் உள்ளே நீரைக் கட்டி வைத்திருக்கும். புதியவர்கள் அதைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து. அலுமினியம் அல்லது இரும்பு அச்சு வாங்கிக்கொள்ளுங்கள்.

தோலில் ஈயம் பட்டு ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரில் பிடித்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். கண்ணென்றால் நேரே மருத்துவமனை.

## குண்டின் தோல் சுருங்கியிருக்கிறது

அதிகம் பேர் கொண்டுவரும் குறை. மடிப்பு மடிப்பாக, நீரில் ஊறிய விரல் நுனி போல இருக்கும்.

அச்சு குளிர்ச்சி. அலுமினிய அச்சு என்றால் எளிய சோதனை உண்டு. நன்கு உலர்ந்த அச்சை மூடி, அதன் ஒரு மூலையை மட்டும் உருகிய ஈயத்தில் மெல்ல இறக்கிப் பிடியுங்கள். முதலில் அந்த மூலையைச் சுற்றி ஈயம் உறைந்து ஒரு கட்டி பிடிக்கும். கையை அசைக்காமல் காத்திருங்கள். 20 விநாடி, சில அச்சுகளுக்கு 40. கட்டி கரைந்து, அச்சைத் தூக்கும்போது ஈயம் துளிகூட ஒட்டாமல் வழுக்கி விழுந்தால் அச்சு தயார். இரும்பு அச்சை இப்படி முக்க வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் திடீரெனச் சூடானால் வளையக்கூடும். அதை அடுப்பின் ஓரத்தில் இரும்புத் தகட்டின்மேல் வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள்.

சோதனையில் தேறினாலும் முதல் ஐந்தாறு குண்டுகள் சுருங்கித்தான் வரும். அவற்றைத் திரும்பப் பாத்திரத்தில் போட்டுவிட்டு நிறுத்தாமல் வார்த்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு குண்டையும் கையில் எடுத்து ரசிக்கும் நேரத்தில் அச்சு மறுபடி ஆறிவிடும். புதியவர்களின் சுருக்கத்துக்கு இந்த ரசிப்பும் ஒரு காரணம்.

அச்சில் எண்ணெய். சூடான அச்சிலும் சுருக்கம் வருகிறது, அதுவும் ஒரே இடத்தில் வருகிறது என்றால் இதுதான். புது அச்சு துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசி விற்கப்படும். சூடான நீரிலும் சோப்பிலும் பல் துலக்கும் தூரிகையால் தேய்த்துக் கழுவி, அடுப்பருகே ஒரு மணி நேரம் உலர்த்துங்கள். உலர்த்துவதில் அவசரப்பட்டால் முந்தைய தலைப்புக்குத் திரும்ப வேண்டிவரும்.

ஈயம் குளிர்ச்சி. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். உருகியவுடன் ஊற்றினால் கரண்டியிலேயே பாதி உறையும். 370 முதல் 400 வரை போதும். வெப்பமானி இல்லாமல் இதைக் கண்ணால் கணிக்கிறேன் என்பவர்களை நான் நம்புவதில்லை. ஈயம் 340இலும் 480இலும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் பளபளக்கும்.

## மூக்கோ விளிம்போ நிரம்பவில்லை

சுருக்கமும் கூடவே இருந்தால் மேலே உள்ளதைச் செய்யுங்கள். தோல் வழவழப்பாக இருந்தும் முனை மட்டும் மழுங்கியிருந்தால் உள்ளே காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஊற்றும் விதத்தை முதலில் மாற்றிப் பாருங்கள். நடுவில் நிறுத்தாமல், ஒரே தாரையாக, துளையின் ஒரு பக்கச் சுவரை ஒட்டி ஊற்றுங்கள். துளை முழுவதையும் அடைத்தபடி ஊற்றினால் காற்று வெளியேற வழியில்லை. அப்படியும் வராவிட்டால் அச்சின் இரு பாதிகள் சேரும் முகத்தில் முடியளவு கீறல்கள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். அவை காற்றுப் போகும் வழி. கரியோ ஈயமோ அடைத்திருந்தால் கூராகச் சீவிய மரக்குச்சியால் நீவி எடுங்கள். ஊசி, கத்தி வேண்டாம்.

சிலர் அச்சுக்கு மெழுகுவத்திப் புகை காட்டுவார்கள். மெல்லிய கரிப்படலம் ஈயம் ஓட உதவும். திரும்பத் திரும்பக் காட்டினால் அதே கரி காற்று வழியை அடைத்துவிடும். ஒருநாள் வேலைக்கு ஒருமுறை போதும்.

## மேலே பனி படிந்தது போல மங்கலாக இருக்கிறது

அச்சு மிகச் சூடு. தூண்டில் குண்டுக்கு இது குறையே இல்லை. மீன் பளபளப்பைக் கேட்பதில்லை. பிடிக்கவில்லையென்றால் குண்டுக்குக் குண்டு அரை நிமிடம் அச்சைத் திறந்து வையுங்கள். அச்சைத் தண்ணீரில் மட்டும் முக்காதீர்கள்.

## தலையில் குழி, அல்லது எடை குறைகிறது

ஈயம் உறையும்போது மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல் சுருங்குகிறது. அந்தக் குறைவை ஈடுகட்ட எங்கிருந்தாவது ஈயம் வந்தாக வேண்டும். வராவிட்டால் தலையில் குழி விழும். தலை முதலில் உறைந்துவிட்டால் குழி உள்ளே போய் ஒளிந்துகொள்ளும்.

ஊற்றுவாயில் ஈயம் சற்றுக் குமிழாக நிற்கும்வரை ஊற்றுங்கள். உறையும்போது அந்தக் குமிழ் உள்ளே உறிஞ்சப்பட்டு அமுங்குவதைக் காணலாம். அமுங்கும் நேரத்திலேயே இன்னும் ஒரு சொட்டு விடுங்கள். பெரிய குண்டுக்கு, அதாவது 200 கிராமுக்கு மேலானவற்றுக்கு, இந்தச் சொட்டு மிக முக்கியம். ஊற்றுவாயில் உறைந்து நிற்கும் காம்பை அவசரமாக வெட்டினாலும் நடுவில் ஓட்டை விழும்.

உள்ளே குழி இருக்கிறதா, அல்லது ஈயமே கலப்படமா என்று எடையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நான் செய்வது இது. தராசில் ஒரு குவளை நீரை வைத்துச் சுழியமாக்குகிறேன். குண்டை நூலில் கட்டி, நீருக்குள் முழுதும் மூழ்கும்படி, ஆனால் அடியிலோ சுவரிலோ படாமல் தொங்க விடுகிறேன். தராசு காட்டும் எண்ணால் குண்டின் உண்மையான எடையை வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும். 113 கிராம் குண்டு 10 காட்டினால் 11.3; சுத்த ஈயம், குழியில்லை. அதே எடைக் குண்டு 11 காட்டினால் 10.3தான். உள்ளே வெற்றிடம் இருக்கிறது, அல்லது வேறு உலோகம் கலந்திருக்கிறது. ஒரு குண்டை உளியால் பிளந்து பாருங்கள். இரம்பம் வேண்டாம், தூள் பறக்கும். பிளந்த முகம் கெட்டியாக இருந்தால் சந்தேகம் ஈயத்தின் மேல் திரும்ப வேண்டும்.

## இரு பக்கமும் பிசிறு சிறகு போல நீட்டிக்கொண்டிருக்கிறது

அச்சு சரியாக மூடவில்லை. மூடிய அச்சை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கோடாக ஒளி கசிந்தால் இரு முகங்களுக்கிடையே ஏதோ இருக்கிறது. பெரும்பாலும் அது கடுகளவு ஈயத் துணுக்கு. இணைப்பு முளைகள் இருக்கும் குழிக்குள் போய் உட்கார்ந்திருக்கும். அச்சைச் சூடாக்கி மரக்குச்சியால் தள்ளினால் வந்துவிடும்.

துணுக்கு எதுவுமில்லை என்றால் கைப்பிடித் திருகாணி தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரி, ஒளி மட்டும் ஒரு மூலையில் கசிகிறது என்றால் அச்சு வளைந்துவிட்டது. கடைசல் பட்டறையில் முகத்தைச் சமன்செய்து தருவார்கள். ஆனால் முகத்தைச் சீவினால் குண்டின் வடிவும் மெலியும். சிறிய அச்சுக்கு அந்தக் கூலியில் புதிதே வாங்கிவிடலாம்.

## குண்டு அச்சை விட்டு வர மறுக்கிறது

சுத்தியலால் அச்சை அடிக்காதீர்கள். கைப்பிடியின் கீல் மேல் மரக்கட்டையால் தட்டுங்கள். அந்த அதிர்வே போதும்.

ஒவ்வொரு முறையும் ஒரே பாதியில் ஒட்டுகிறதென்றால் அந்தப் பாதியின் விளிம்பைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். முன்பு யாரோ திருப்புளியால் நெம்பிய தழும்பு ஒன்று அநேகமாக இருக்கும். நெம்பியவர் நீங்களாகவும் இருக்கலாம். நடுவே கம்பி செருகித் துளை விடும் அச்சில் மட்டும் நிலைமை வேறு. ஆற ஆற ஈயம் சுருங்கிக் கம்பியை இறுக்கும். ஆகவே உறைந்ததும் தாமதிக்காமல் கம்பியை உருவிவிட வேண்டும். கம்பிக்குப் புகைக்கரி காட்டிவிட்டுச் செருகினால் சுலபமாக வரும்.

## கம்பி வளையம் கழன்று வருகிறது

கடலில் நூலை இழுத்தபோது வளையம் மட்டும் கையோடு வந்து, குண்டு பாறையிடுக்கில் தங்கிவிட்டதா? கம்பியின் கால்களை நேராக விட்டிருப்பீர்கள். ஈயம் கம்பியோடு இணைவதில்லை, சுற்றி இறுகிப் பிடிக்கிறது, அவ்வளவே. கால்களை முறுக்கியோ நுனியை மடக்கியோ செருகுங்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, கம்பியைச் சற்றுச் சூடாக்கியும் வையுங்கள். பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுக் கம்பி நல்லது. துத்தநாகம் பூசிய கம்பி கடல்நீரில் நாளடைவில் துருப்பிடிக்கும். மீந்த குண்டை மறுபடி உருக்கும்போது அந்தப் பூச்சும் ஈயத்தில் சேரும்.

## உருகிய ஈயத்தின் மேற்பரப்பு ஒரு மாதிரியாக இருக்கிறது

நீலம், ஊதா, பொன்னிறம் மாறி மாறி ஓடுகிறது. ஈயம் சுத்தமானது, ஆனால் சூடு அதிகம். அழகாகத்தான் இருக்கும். குறையுங்கள். மஞ்சள் பொடி படியத் தொடங்கினால் உடனே குறைக்க வேண்டும். அது ஈய ஆக்சைடு.

சாம்பல்நிறப் பொடி குவிகிறது. இயல்பான கசடுதான். அதை அப்படியே வழித்துக் கொட்டினால் நல்ல ஈயமும் சேர்ந்து போகும். பட்டாணியளவு மெழுகைப் போட்டு, புகை எழும்போது தீக்குச்சியால் பற்றவைத்துவிட்டு, உலர்ந்த மரக்குச்சியால் அடிவரை கிளறுங்கள். மிஞ்சும் கருந்தூளை மட்டும் வழித்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். அந்தத் தூள்தான் இந்த வேலையிலேயே மோசமான பொருள். பறக்கவோ கொட்டவோ விடாதீர்கள்.

நனைந்த மரத்தூள் போலக் கட்டி கட்டியாக இருக்கிறது, சூடேற்றியும் இளகவில்லை. துத்தநாகம் கலந்துவிட்டது. சக்கரங்களைச் சமன்செய்ய ஒட்டும் பழைய எடைக்கட்டிகளில் ஈயத்தோடு துத்தநாகக் கட்டியும் இரும்புக் கட்டியும் கலந்து கிடக்கும். துத்தநாகம் 419 டிகிரியில்தான் உருகும். ஆகவே பாத்திரம் 400ஐத் தாண்டாமல் இருந்திருந்தால் அது உருகாமல் மேலே மிதந்திருக்கும், கரண்டியால் எடுத்துப் போட்டிருக்கலாம். உருகிக் கலந்த பின் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. அதைச் சரிசெய்ய ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். நானும் இரண்டு ஞாயிறுகளைத் தொலைத்தேன். கட்டியாக உறையவிட்டு, கலந்திருப்பதைச் சொல்லியே பழைய உலோகம் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை உருக்கும் முன் ஒவ்வொரு கட்டியையும் வெட்டு இடுக்கியால் கடித்துப் பாருங்கள். ஈயத்தில் பள்ளம் விழும், துத்தநாகத்தில் இடுக்கி வழுக்கும். தரையில் போட்டால் ஈயம் ‘தொப்’, துத்தநாகம் ‘கணீர்’.

## குண்டு கடினமாக இருக்கிறது, நூலில் அழுத்த முடியவில்லை

பிளவுக் குண்டு, அதாவது நடுப்பிளவில் நூலை வைத்து அழுத்தி மூடும் சின்னக் குண்டு, வார்ப்பவர்களின் புகார். ஈயத்தைக் கடினமாக்கும் ஆண்டிமனி என்ற உலோகம் கலந்த ஈயம் இது. நகத்தால் கீறினால் கோடு விழாது. வீட்டில் ஆண்டிமனியைப் பிரித்தெடுக்க வழியில்லை, இந்த ஈயத்தைத் தொங்கு குண்டுகளுக்கு வைத்துக்கொண்டு, பிளவுக் குண்டுக்கு மென்மையான தகட்டு ஈயம் எடுங்கள். பிளவுக் குண்டைப் பல்லால் கடித்து மூடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். சின்னக் குண்டுகளை வார்ப்பதையே நான் விட்டுவிட்டேன். நீர்ப்பறவைகள் அவற்றைக் கூழாங்கல் என்று விழுங்கிச் செத்துப்போகின்றன. பிரிட்டனில் 0.06 முதல் 28.35 கிராம் வரையிலான ஈயத் தூண்டில் குண்டு விற்பனையை 1987இலேயே தடை செய்ததற்கும் இதுதான் காரணம். உங்கள் ஊர்ச் சட்டத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

## மின்சாரப் பாத்திரம் அடியில் ஒழுகுகிறது

பாத்திரத்தின் அடித்துளையை மூடும் அடைப்புக் கம்பியின் நுனியில் கசடு சிக்கியிருக்கிறது. சூடாக இருக்கும்போதே கம்பியின் தலையைத் திருப்புளியால் இருபுறமும் சில முறை திருகுங்கள். நுனி தேய்த்துக்கொண்டு உட்காரும். நிற்காவிட்டால் ஈயத்தை வடித்து, ஆறவிட்டு, கம்பியை எடுத்துத் துடையுங்கள். பாத்திரத்தைத் தொடும்போது மின்சாரம் உறைத்தாலோ, செருகியவுடன் வீட்டு மின்னிணைப்பு அறுந்தாலோ அதைத் திறக்கும் வேலை மின்பணியாளருடையது.

## வார்த்தவருக்கே உடம்பு சரியில்லை

வாயில் உலோகச் சுவை, வயிற்றுப் பிசைவு, மலச்சிக்கல், காரணமில்லாத சோர்வும் எரிச்சலும். இவை வந்தால் வார்ப்பை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ‘ஈயம் உருக்குகிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றாது. துத்தநாகம் அதிகச் சூட்டில் புகைந்த அன்று இரவு காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் அறிகுறிக்காகக் காத்திருப்பதே தவறு. ஈயம் பெரும்பாலும் ஓசையில்லாமல் ஏறும். தொடங்கும் முன் ஒரு முறை, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை இரத்தத்தில் ஈய அளவு பார்த்துக்கொள்ளுங்கள். எண் ஏறியிருந்தால் புகையைவிடக் கையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கழுவாத கையால் எதையாவது வாயில் வைப்பது, புகை பிடிப்பது, வார்த்த உடையோடு வீட்டுக்குள் நடமாடுவது ஆகிய வழிகளில்தான் அது உள்ளே போகிறது. உடையைத் தனியே துவையுங்கள். வேலை செய்த இடத்தைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

வீட்டில் சிறு குழந்தை இருந்தால் அதற்கும் பரிசோதனை தேவை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் குழந்தைகளுக்கான கவன அளவை டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. இதற்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்றும் பொருளில்லை.

## எடுத்து வைத்த குண்டுகளில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது

மரப்பெட்டியில், முக்கியமாக ஓக் மரப்பெட்டியில், அல்லது அட்டைப் பெட்டியில் வைத்திருப்பீர்கள். மரமும் அட்டையும் விடும் அமில ஆவி ஈயத்தை மெல்ல அரித்து அந்தப் பொடியாக்குகிறது. அதுவும் நஞ்சுதான், வாயால் ஊதித் தட்ட வேண்டாம். கையுறையோடு ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கசட்டு டப்பாவில் போட்டுவிட்டு, குண்டுகளை உலர்ந்த பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றுங்கள். ஒரு கை பெயின்ட் பூசி வைத்தால் மறுபடி பூப்பது குறையும்.